மேகமலையில் குடிக்கணக்கு

"வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்று ஒரு பழமொழி உண்டு. விருந்தாளியாகப் போவதே இத்தனை சங்கடம் என்றால், அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "இங்கே மொத்தம் எத்தனை பேர்? ஆண் எத்தனை, பெண் எத்தனை, கைக்குழந்தை உண்டா?" என்று குடிக்கணக்கு எடுப்பது எப்பேர்ப்பட்ட வேலையாக இருக்கும் என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

நம் வீட்டுக்குக் கணக்கெடுக்க ஆள் வந்தால், அடுப்பிலிருக்கும் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்து பதில் சொல்கிறோம். காட்டிலே அந்த மரியாதையெல்லாம் கிடையாது. அங்கே ஒரு குடித்தனக்காரர் குகையில் தலைகீழாகத் தூங்குவார். இன்னொருவர் மண்ணுக்கு அடியிலேயே காலத்தைக் கழிப்பார். மூன்றாமவர் இலையோடு இலையாக உட்கார்ந்திருப்பார்; மூக்குக்கு நேரே இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார். ஆனாலும் இவர்கள் அத்தனை பேரையும் தேடிப் பிடித்துக் கணக்கு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் இடம் ஒன்றுக்கு, தேனி மாவட்டத்து மேகமலைக்கு, இந்த வாரம் உங்களை அழைத்துப் போகப் போகிறேன்.

வௌவால் என்றதும் "சீ, அபசகுனம்!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மதுரையில் உள்ளவர்கள் குடிக்கிற தண்ணீர் சமாசாரமும் இதில் கலந்திருக்கிறது.

பூப்பெயர் வளைவுகள்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சின்னமனூர் வருகிறது. இரண்டு பக்கமும் வாழையும் திராட்சைப் பந்தலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சியான பள்ளத்தாக்கு. அங்கிருந்து மலைப் பாதையில் திரும்பினால், அடிவாரத்தில் தென்பழனி என்ற இடத்தில் வனத்துறைச் சாவடி இருக்கிறது. அதைத் தாண்டி மேலே ஏற 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். பூவின் பெயரைப் படிப்பதா, பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்து முருகனைக் கூப்பிடுவதா என்பது அவரவர் தைரியத்தைப் பொறுத்த விஷயம்!

மேலே போய்ச் சேர்ந்தால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைத் தோட்டங்கள். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. வெள்ளைக்காரத் துரைமார்கள் இந்த மலைக்கு 'ஹை வேவிஸ்' என்று பெயர் வைத்தார்கள். அலை அலையாக உயர்ந்து நிற்கும் சிகரங்களைப் பார்த்தால் அது ரொம்பப் பொருத்தம் என்று தோன்றுகிறது.

தேயிலை முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது. வெயில் தரையில் விழாத காடு. இருவாச்சிப் பறவையின் சிறகோசை, சிங்கவால் குரங்கின் கூவல், கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும் இலைச் சருகு. இந்த மலைத் தொடரின் வருசநாட்டுப் பக்கத்திலேதான் வைகை பிறக்கிறது. மழையைக் காடு குடித்து வைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுக்கிறது. அந்தக் காட்டு மரங்களில் பலவற்றுக்கு விதை விதைக்கிற குடியானவன் யார் தெரியுமா? நாம் "சீ" என்று சொன்னோமே, அந்த வௌவால்தான்! பழத்தைக் கவ்விக்கொண்டு போய் வேறொரு மரத்தில் தொங்கியபடி தின்று, விதையைக் கீழே போட்டுவிடுகிறது. கூலியும் கேட்பதில்லை.

பெயர் மாறிப் போன வௌவால்

இந்த மலைக்கு ஒரு கதை உண்டு. துப்பறியும் தொடர்கதைக்குச் சற்றும் குறையாத கதை.

1948-ஆம் வருஷம். ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரத் துரை இங்கே இருந்தார். தேயிலையைக் கவனித்த நேரம் போக, காட்டு ஜீவராசிகளைக் கவனிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. அவருக்கு ஒரு பழந்தின்னி வௌவால் கிடைத்தது. அதைப் பதப்படுத்திப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே அதைக் குட்டை மூக்குப் பழந்தின்னி வௌவால் என்று தீர்மானித்து, சீட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டார்கள். குட்டை மூக்கு வௌவால் ரொம்ப சாதாரணம். நம் தெரு நெட்டிலிங்க மரத்தில்கூடக் கூடாரம் போட்டுக் குடியிருக்கும்.

ஆக, மேகமலை வௌவால் இன்னொருவர் பெயரைச் சுமந்துகொண்டு அலமாரிக்குள்ளே கிடந்தது. ஒரு வருஷமா, இரண்டு வருஷமா? 24 வருஷம்!

அப்புறம் ஒருவர் வந்தார். அவர் பெயர் கிட்டி தொங்லோங்யா. கிட்டி என்றதும் மயிலாப்பூர்க் கிருஷ்ணமூர்த்தி என்று எண்ணிவிடாதீர்கள்; அவர் தாய்லாந்து தேசத்து விஞ்ஞானி. வௌவாலை ஆராய்கிறவர் பெயரிலேயே 'தொங்' இருக்கிறதே என்று சிரிக்கவும் சிரிக்காதீர்கள், மகா கெட்டிக்காரர். அவர் அந்த வௌவாலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குட்டை மூக்கு வௌவாலுக்குச் சின்னஞ்சிறு வால் ஒன்று உண்டு. இதற்கு வாலே இல்லை! பல்லமைப்பும் வேறு மாதிரி இருந்தது. அதுவரை உலகத்தில் யாரும் பெயர் வைக்காத இனம், அதுமட்டுமல்ல, தனிப் பேரினம் என்று 1972-இல் எழுதி வெளியிட்டார். பறவை ஆராய்ச்சியில் பாரதத்துக்கே பெருமை தேடித் தந்த சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார்.

கிட்டி 1974-இல் காலமானார். அவருடைய சொந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட, சுமார் 2 கிராம் எடையே உள்ள உலகத்தின் மிகச் சிறிய வௌவாலுக்கு இன்று அவர் பெயர்தான். பிறர் பெயரை வௌவாலுக்கு வைத்தவர், தம் பெயரையும் ஒரு வௌவாலிடம் விட்டுச் சென்றார்.

சரி, பெயர் வைத்தாயிற்று. பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா? 1948-இல் கிடைத்த அந்த ஒன்றைத் தவிர வேறு சாட்சியே இல்லை. 1993-இல்தான் ஓர் ஆராய்ச்சிக் குழு மேகமலைக்கு வந்து தேடிற்று. அந்த வௌவால் இன்னும் உயிரோடு பறந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கே அதை ஆராய்ந்தார்கள். தெற்கே களக்காடு முண்டந்துறைப் பக்கத்திலும் அது இருப்பது தெரிந்தது. மற்றபடி தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இருப்பதாகத் தகவல் இல்லை. காட்டத்தியும் காட்டு உருத்திராட்சப் பழமும் அதற்கு ஆகாரம்.

கொண்டை வலையும் சுருக்குப் பையும்

கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க நானும் ஒரு மாலை ஆராய்ச்சிக் குழுவோடு போனேன். வனத்துறையின் அனுமதி இல்லாமல் இந்த வேலையை யாரும் செய்ய முடியாது. குழுவில் ஒரு பெண், ஆராய்ச்சி மாணவி. "என் பேரை மட்டும் போட்டுடாதீங்க, அக்கா! அம்மா உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிப்பாள். அட்டைக் கடி சமாசாரம் தெரிந்தால் நாளைக்கே வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள்" என்று கேட்டுக்கொண்டாள். ஆகவே போடவில்லை. வழிகாட்டியாக வந்தவர் பளியர் இனத்துப் பெரியவர். அந்தக் காட்டில் அவருக்குத் தெரியாத மரமில்லை.

பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்கு மேலே இரண்டு கழிகளுக்கு நடுவே ஒரு வலையைக் கட்டினார்கள். எத்தனை மெல்லிய வலை என்கிறீர்கள்? நாம் தலையில் போட்டுக்கொள்ளும் கொண்டை வலையை ஒரு சுவர் அகலத்துக்கு நீட்டினாற்போல் இருந்தது. இருட்டில் அது கண்ணுக்கே தெரியவில்லை. பறந்து வரும் வௌவால் அதில் மோதி, தொளதொளவென்று மடிந்திருக்கும் பையில் விழுந்துவிடுகிறது.

"வௌவாலுக்குக் கண் தெரியாது, சத்தம் போட்டு எதிரொலியைக் கேட்டுத்தானே பறக்கும்?" என்று கேட்டேன்.

"பூச்சி தின்னும் வௌவால்கள்தான் அப்படி, அக்கா. அவற்றுக்கும் கண் தெரியாமலில்லை. நம் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அவை ஒரு லட்சத்துக்கு மேலும் போகும். இதோ, இது அதை நமக்குக் கேட்கும்படி மாற்றித் தரும்" என்று ஒரு சின்னக் கருவியைத் திருகினாள். அமைதியாக இருந்த இருட்டு திடீரென்று 'டிக் டிக்', 'படபட' என்று பேச ஆரம்பித்துவிட்டது! தலைக்கு மேலே இத்தனை போக்குவரத்தா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

"ஆனால் சலீம் அலி வௌவால் இந்தக் கருவிக்குச் சிக்காது. பழந்தின்னிகள் பெரும்பாலும் பெரிய கண்ணையும் மூக்கையும் நம்பிப் பிழைப்பவை. ஆகையால் அதைத் தேட வலைதான் கட்டவேண்டும்" என்றாள்.

சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் வலையைப் போய்ப் பார்த்தாக வேண்டும். விட்டால் சிக்கிய ஜீவன் தவித்துப் போய்விடும். மூன்றாவது தடவை போனபோது ஏதோ ஒன்று மாட்டியிருந்தது. கையுறையும் முகமூடியும் அணிந்த மாணவி, சிக்கெடுப்பதில் கைதேர்ந்த பாட்டியைப்போல், ஒரு நூல்கூட இறுகாமல் அதை விடுவித்தாள். பிறகு ஒரு துணிப் பையில் போட்டு நாடாவை இழுத்தாள். அசல் நம் பாட்டிமார்கள் வெற்றிலை வைத்துக்கொள்ளும் சுருக்குப் பையேதான்! அதைச் சிறு தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தாள். முன்கை எலும்பின் நீளத்தை அளவுகோலால் அளந்தாள். பிறகு டார்ச் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பினாள்.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"வால் இருக்கிறது" என்றாள்.

குட்டை மூக்கு வௌவால். அது மட்டுமல்ல, மார்பை இறுகப் பற்றிக்கொண்டு ஒரு குட்டி! உடனே அவசரம் அவசரமாகக் குறிப்பை முடித்தார்கள். "பிள்ளைத்தாச்சியையும் பிள்ளை பெற்றவளையும் காக்க வைக்கக் கூடாதும்மா" என்றார் பெரியவர். கையை விரித்ததும் தாயும் சேயும் இருட்டில் கலந்துவிட்டன.

அன்றிரவு வலையைச் சுருட்டும் வரை சலீம் அலி வௌவால் வரவில்லை. நோட்டுப் புத்தகத்தில் அதற்கு நேரே 'இல்லை' என்று எழுதி, நேரமும் இடமும் குறித்துக்கொண்டார்கள். "கிடைக்காததை எதற்கு எழுதுவது?" என்றேன். "நாளைக்கு இன்னொருவர் வந்து இதே இடத்தில் தேடும்போது, இன்றைக்கு இருந்ததா, இல்லையா என்று தெரிய வேண்டாமா?" என்றாள். கடைக் கணக்கில் வரவில்லாத நாளையும் ஒரு வரி எழுதி வைப்பதுபோல், அதுவும் கணக்குத்தானே!

முறத்தில் புடைத்த காடு

வௌவால் கணக்கு ராத்திரி என்றால், ஊர்வன கணக்கு பகலில் பாதி, இரவில் பாதி. காட்டுத் தரையில் கயிற்றால் ஒரு சதுரம் போடுகிறார்கள். நாலு பக்கமும் ஆள் உட்கார்ந்து, சருகை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே நடுவுக்கு வருகிறார்கள். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறோமே, அதே பொறுமை, அதே கண். நாம் பொறுக்குவது கல்; இவர்கள் பொறுக்குவது அரணை, பல்லி, தவளை, பாம்பு!

பாம்பு என்றதும் பயப்படாதீர்கள். இந்த மலைகளில் கேடயவால் பாம்பு என்று ஓர் இனம் உண்டு. தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் அது கிடையாது. மண்ணைத் துளைத்துக்கொண்டு மண்புழு தின்று வாழும் பரம சாது, விஷம் கிடையாது. முட்டையிடாமல் குட்டி போடும். அதன் வால் நுனி, சாய்வாக வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். அதில் மண் அப்பிக்கொள்ள, பின்னால் வரும் பகைவனுக்கு வளையின் வாசலை அதுவே கதவாக அடைத்துவிடும்! மேற்குத் தொடர்ச்சி மலையில் பறக்கும் ஓணானும் உண்டு. விலா எலும்புகளைக் குடைக்கம்பிபோல் விரித்து, அதன்மேல் போர்த்திய தோலைச் சிறகாக்கி மரத்துக்கு மரம் மிதந்து போகும்.

கணக்கெடுப்பவர்களையும் கணக்கெடுக்கிற ஒரு பிராணி இருக்கிறது. அதுதான் அட்டை. முழங்கால் வரை இறுக்கமான துணிக் காலுறை அணிந்து, உப்பையும் மூக்குப்பொடியையும் கையோடு எடுத்துப் போகிறார்கள். அப்படியும் தினம் நாலைந்து அட்டைகள் விருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகின்றன.

அட்டை மட்டும்தான் அபாயம் என்று நினைத்துவிடாதீர்கள். கோயம்புத்தூரில் உள்ள சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தில் சு. பூபதி என்ற விஞ்ஞானி இருந்தார். பாம்பு, ஆமை, தவளை இவற்றை ஆராய்வதே அவருடைய வாழ்க்கை. மேகமலையின் ஊர்வனவற்றைத் தேடித் தொகுத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2014 ஏப்ரல் மாதம் அகத்தியமலைக் காட்டில் கணக்கெடுக்கும்போது விபத்துக்குள்ளாகி, அவர் உயிர் நீத்தார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு, 2017-இல், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச் சரிவுகளில் கிடைத்த ஒரு புதுத் தவளைக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். அது கூரிய பன்றி மூக்குள்ள, ஊதா நிறத் தவளைகளின் இனம். வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியிலேயே இருந்துவிட்டு, மழைக் காலத்தில் இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் மட்டும் வெளியே வரும். அதன் தலைப்பிரட்டைகள் ஓடும் நீரில் பாறையை வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு வளரும். யார் கண்ணிலும் படாத ஜீவன்களைத் தேடியே வாழ்ந்தவருக்கு, யார் கண்ணிலும் படாத ஒரு ஜீவனே ஞாபகார்த்தம்!

எலியோடு ஒரே பட்டியலில்

"இத்தனை சிரமப்பட்டு எழுதி என்ன லாபம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

1972-ஆம் வருஷத்தைச் சொன்னேன் அல்லவா? மேகமலை வௌவாலுக்குச் சொந்தப் பெயர் கிடைத்த அதே வருஷத்தில்தான் நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் புலிக்கும் சிங்கவால் குரங்குக்கும் பாதுகாப்புக் கொடுத்தார்கள். பழந்தின்னி வௌவால்களையோ, எலியோடும் சுண்டெலியோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணிகளின் பட்டியலில் போட்டார்கள்! யார் வேண்டுமானாலும் கொல்லலாம்; கேள்வி முறை கிடையாது. அலமாரியிலிருந்த அந்த ஒற்றை வௌவாலை யாரும் திருப்பிப் பார்த்திராவிட்டால், அதுவும் இந்தக் கூட்டத்திலேயே மறைந்து போயிருக்கும். தனிப் பெயர் இருந்ததால்தான் பிற்பாடு அதை மட்டும் பிரித்தெடுத்து, புலிக்குச் சமமாக முதல் பட்டியலில் வைக்க முடிந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தியபோது தொல்லைப் பிராணிகளின் பட்டியலே நீக்கப்பட்டது. ஒரு சின்ன வால் இருக்கிறதா, இல்லையா என்று பார்த்ததில் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது பாருங்கள்!

மேகமலைக் காடும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலை அணில் சரணாலயமும் சேர்ந்து, 2021-இல் புலிகள் காப்பகமாயின. தமிழ்நாட்டில் இது ஐந்தாவது. பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். புலியின் பெயரால் காப்பாற்றப்படுகிற காட்டில், அதே குடைக்குக் கீழே வௌவாலும், கேடயவால் பாம்பும், பூபதியின் தவளையும் ஒதுங்கிக்கொள்கின்றன. வைகையின் ஊற்றும்கூட அங்கேதான்.

நீங்கள் மேகமலைக்குப் போவதானால் பகலிலேயே ஏறி இறங்கிவிடுங்கள். இரவில் அந்தப் பாதை அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொந்தம். பொட்டலங்களையும் பிளாஸ்டிக் பைகளையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். குகைகளுக்குள் நுழைந்து டார்ச் அடித்து, தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டாம்.

போகாவிட்டாலும் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. 2018-இல் கேரளத்தில் நிபா காய்ச்சல் வந்ததிலிருந்து வௌவாலைக் கண்டாலே பலருக்கும் கிலி பிடித்துவிட்டது. எச்சரிக்கை வேண்டியதுதான்: வௌவால் கடித்த பழத்தைக் குழந்தைகள் தொட விடாதீர்கள், கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறும் கையால் எடுக்காதீர்கள். ஆனால் அது குடியிருக்கும் ஆலமரத்தையோ அரசமரத்தையோ வெட்டச் சொல்லாதீர்கள். விரட்டப்பட்ட வௌவால் அல்லாடி வேறு மரத்துக்குப் போகுமே தவிர, நோய் அதனால் குறைந்துவிடாது. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் தங்கள் ஊர் வௌவால்களைக் காப்பாற்றும் கிராமத்தார் நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறார்கள். படித்த பட்டணத்தார் நாம் அவர்களைவிடவா குறைந்து போய்விட்டோம்?

இன்று மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்துக்கொண்டு போங்கள். பத்து நிமிஷம் வானத்தைப் பாருங்கள். எத்தனை வௌவால் பறந்தது, எந்தத் திசையில் போயிற்று என்று ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஒன்றும் வராவிட்டால் 'இல்லை' என்று எழுதுங்கள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே அந்தக் கணக்கும் இருக்கட்டும்.